பழைய இரும்புக்குப் போன ஃபில்டர்

பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கையால் ஆயில் மாற்றிக்கொள்ளாத பஸ் எங்கள் ஊர்ச் சாலையில் ஓடியதில்லை. அப்படிப்பட்டவளிடம் வந்து, "அத்தை, இன்னைக்கு ஆயில் மாத்தணும். நீங்க பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சா போதும்" என்றாள் என் மருமகள். டார்ச் பிடிக்கவாம்! எனக்கு வந்ததே கோபம்.

"டார்ச்சை நீ பிடி. ஸ்பானரை இங்க கொடு" என்றேன்.

மருமகள் விமானம் ஓட்டுகிறவள். பெரிய விமானம் இல்லை, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய குட்டி விமானம். சொந்தமாக வாங்கி, இன்ஜினை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, ஒரு மெக்கானிக்கை வைத்து மறுபடியும் கோர்த்திருந்தாள். கோர்த்த பிறகு கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முதல் ஆயிலை மாற்ற வேண்டும். அந்த முதல் ஆயில் மாற்றம்தான் அன்றைக்கு. கோர்த்துக் கொடுத்த மெக்கானிக் வெளியூர் போயிருந்தார். இந்த மாதிரி சின்ன வேலையைச் சொந்தக்காரர்களே செய்துகொள்ளலாமாம்.

மறுநாள் காலை அவளுக்கு முதல் வேலை. நிலம் அளக்கிற கம்பெனி ஒன்றுக்காக ஆற்றங்கரை முழுவதையும் மேலிருந்து படம் எடுத்துத் தர வேண்டும். ஓட்டுவது அவள். பக்கத்து சீட்டில் கேமராவோடு உட்காரப்போவது என் மகன். நாளைக்கு ஒழுங்காகச் செய்துவிட்டால் தொடர்ந்து அவர்களுக்கே வேலை. சொதப்பினால், "எப்போது விடுவாள்" என்று வாயைப் பிளந்துகொண்டு வேறொருவன் காத்திருக்கிறான். மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். சாப்பிடும்போதும் ஆறு, தூங்கும்போதும் ஆறு.

எனக்கு ஆறும் வேண்டாம், கரையும் வேண்டாம். என் பிள்ளை ஏறப்போகிற இன்ஜின், அதை நான் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இவள் எந்தக் குழாயை எப்படி முடுக்குவாளோ என்று நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது.

ஷெட்டுக்கு வெளியே நிறுத்தி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். சூடானால்தான் ஆயில் இளகி அழுக்கோடு இறங்கும். அது எனக்குத் தெரியாதா? பஸ்ஸிலும் அதே கதைதான். பிறகு உள்ளே தள்ளி, விமானத்தின் மூக்கில் இன்ஜினை மூடியிருந்த தகடுகளைக் கழற்றினோம். உள்ளே பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி இது, எங்க டெப்போ ஜெனரேட்டர்கூட இதைவிடப் பெரிசா இருக்கும்."

"சைஸைப் பார்த்து ஏமாந்துடாதீங்க அத்தை. இதுக்கு வாய் ரொம்ப."

"எனக்குமா வாய் இல்லை?"

"அதான் ரெண்டு பேரையும் ஒண்ணா விட பயமா இருக்கு" என்றாள். டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அடியில் ரப்பர் குழாயை மாட்டித் திறந்தேன். ஆயில் கறுப்பாக, சூடாக, சத்தமில்லாமல் வாளியில் விழுந்தது. வாளி நிரம்பட்டும் என்று, புது ஆயில் டப்பாக்களை எடுத்து வருவதற்காக மருமகள் கோடிக் கட்டடத்தில் இருந்த ஸ்டோருக்குப் போனாள். "ஃபில்டரை வேணும்னா கழட்டிடுங்க அத்தை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஃபில்டர் இன்ஜினுக்குப் பின்பக்கம், கையை வளைத்து நுழைத்தால்தான் எட்டுகிற இடத்தில் இருந்தது. அது கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியை வெட்டி, ஃபில்டரைச் சுழற்றி எடுத்தேன். முழங்கை வரை ஆயில் வழிந்தது. பிறகு என்ன செய்தேன்? டெப்போவில் ஆயுள் முழுக்க எதைச் செய்தேனோ அதையே செய்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஃபில்டர் தலையில் ஓங்கி ஒரு குத்து, கவிழ்த்து வடித்து, பழைய சாமான் டிரம்மில் ஒரே வீச்சு. யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது.

புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி மாட்டி, அளவாக முடுக்கி, கம்பியை முறுக்கிக் கட்டினேன். ஃபில்டர் தளர நினைத்தால் கம்பி இழுத்துப் பிடிக்கிற பக்கமாகக் கட்ட வேண்டும். இரண்டு தடவை தப்பாகக் கட்டி, மூன்றாம் தடவை சரியாக வந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பழைய இரும்புக்காரனின் வண்டி ஷெட் வாசலில் வந்து நின்றது. "இந்தா, கொண்டு போ" என்று டிரம்மில் இருந்ததை எல்லாம் தாராளமாகக் கொட்டிக் கொடுத்தேன். இடம் சுத்தமானதில் சந்தோஷம் வேறு.

மருமகள் ஒரு கையில் ஆயில் டப்பாக்களும், இன்னொரு கையில் சின்ன வெட்டுச் சக்கரம் வைத்த கிடுக்கி மாதிரி ஏதோ ஒன்றும் கொண்டு வந்தாள்.

"பழைய ஃபில்டர் எங்க அத்தை?"

"அதை வெச்சு என்ன பண்ணப் போறே? ஃபிரேம் போட்டு மாட்டப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. எங்க?"

"பழைய இரும்புக்குப் போயிடுச்சு. இப்பதான் வண்டி போச்சு."

டப்பாக்களைக் கீழே வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அதை வெட்டிப் பார்க்கணும் அத்தை. உள்ளே மடிச்சு மடிச்சு காகிதம் இருக்கும். இன்ஜின்ல எங்கயாவது ஏதாவது தேயுதுன்னா, அந்தத் தூள் அதுலதான் மாட்டும். புதுசாக் கோர்த்த இன்ஜினுக்கு மொத ஃபில்டர்தான் சாட்சி. அதைப் பார்க்காம நான் ஏற மாட்டேன்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"தூக்கிப் போடுவீங்கன்னு யாருக்குத் தெரியும்? எங்க ஆளுங்க யாரும் போட மாட்டாங்க."

எங்கள் டெப்போவில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பஸ் நடுவழியில் நின்றால் இறங்கி நடந்து போகலாம். இது நின்றால் எங்கே இறங்குவது? அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. கை முழுக்க ஆயில்.

"வண்டியை எடு" என்றேன். "அவன் எந்தப் பொந்துல இருந்தாலும் பிடிச்சுடறேன்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சட்டை பாழாய்ப் போனது. அவள் வேகத்தைக் கூட்டினாள். பழைய இரும்புக் கடை பெரிய சாலை முடிகிற இடத்தில் இருந்தது. நாங்கள் உள்ளே நுழையும்போது ஒருவன் ஃபில்டர்களை அள்ளி அள்ளி அமுக்குகிற மிஷினில் போட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் கை நெம்புகோலில் இருந்தது.

"நிறுத்துடா!" என்று ஒரு சத்தம் போட்டேன். டெப்போ கேட்டில் பஸ்ஸை நிறுத்திய குரல். மிஷின் நின்றது, சாலையில் போன சைக்கிள்காரனும் நின்றான்.

கடைக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா, உள்ளே தங்கம் கிங்கம் வெச்சிருந்தீங்களா?"

"தங்கம்னா விட்டுட்டுப் போயிருப்பேன். என்ன இருக்குன்னே தெரியலை. அதான் ஓடி வந்தேன்."

மிஷினுக்குள் தலையை விட்டுக் குவியலைக் கிளறினேன். மருமகளும் பக்கத்தில் மண்டியிட்டாள். கார் ஃபில்டர், லாரி ஃபில்டர், டிராக்டர் ஃபில்டர், எல்லாமே ஒரே கறுப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். விமான ஃபில்டருக்கு அடையாளம், பின்பக்கம் ஸ்பானர் பிடிக்க நட்டு மாதிரி ஒரு குமிழ், கம்பி கோர்க்கத் துளை. அதோடு தலையில் என் குத்து. கடைசியில் பட்டறைத் தூளும் அலுமினியச் சுருளும் கொட்டிக் கிடந்த மூலையில், வாயை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது அது. மருமகள் அதைக் கைக்குழந்தை மாதிரி எடுத்தாள்.

ஷெட்டுக்கு வந்து அந்தக் கிடுக்கியால் சுற்றி வெட்டித் திறந்தாள். காகிதத்தை எடுத்து, வைஸ் இடுக்கியில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வாசலில் மாலை வெயிலில் மடிப்பு மடிப்பாக விரித்தாள். மினுமினுவென்று பொடி தெரிந்தது. "இது இருக்கும். புது இன்ஜின்ல பாகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகும்போது இவ்வளவு வரும்" என்றாள். இன்னொரு மடிப்பை விரித்தாள். நகத்துணுக்கு போல வெள்ளையாகச் சில செதில்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டு போனாள். ஒட்டவில்லை.

"அலுமினியம்" என்றாள். அப்புறம் பேச்சு வேகமாக வந்தது. "அந்த மூலையில அலுமினியச் சுருளா கிடந்துச்சே அத்தை. அதுலேருந்து விழுந்திருக்கும். வாய் மேலே பார்த்துதானே கிடந்தது? நீங்க குத்தின ஓட்டை வேற இருக்கு. அங்கேருந்துதான், இல்லே?"

என்னையே பார்த்தாள். நான் தலையாட்டினால் போதும். நாளைக் காலை இருவரும் பறப்பார்கள், மூன்று மாதக் கனவு பலிக்கும், என் மடத்தனத்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நானும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவேன். தலையாட்டத்தான் நினைத்தேன். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி நான் ஒரு பஸ்ஸைக்கூட வெளியே அனுப்பியதில்லை.

"இந்த ஃபில்டர் ஊர் சுத்திட்டு வந்துடுச்சு. இனிமே இது சொல்றதை நம்ப முடியாது" என்றேன். "இன்ஜின்ல ஆயில் வேற எது வழியாப் போகும்? இங்கேயே இருக்கிற ஏதாவது சொல்லு."

காகிதத்தைக் கீழே வைத்தாள். "அடியில ஒரு சல்லடை இருக்கு. ஆயில் உள்ளே இழுக்கிற இடத்துல."

"அதைக் கழட்டினோமா?"

"இல்லை."

"கழட்டு."

"கை நுழையாத இடம் அத்தை. வெளிச்சமும் போயிட்டு இருக்கு."

"கை நுழையும். நுழையலைன்னா நுழைக்கணும்."

சொன்னது சுலபம். ஸ்பானரைக் கால் சுற்று திருப்ப முடியும், எடுத்து மறுபடி மாட்ட வேண்டும், மறுபடி கால் சுற்று. புறங்கைத் தோல் உரிந்தது. நான் சோர்ந்தபோது அவள், அவள் சோர்ந்தபோது நான். கெட்ட வார்த்தை ஒன்று என் வாயில் வந்தது, அவளும் அதையே சொன்னாள். நல்லவேளை, இன்னும் புது ஆயில் ஊற்றியிருக்கவில்லை. கடைசியில் மூடி கழன்றது. விரல் நீளத்தில் சின்ன வலைக்குழாய். மருமகள் அதை வெள்ளைத் துணியில் தட்டினாள்.

அதே செதில்கள். ஆனால் பெரியவை. ஒன்று சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. இது ஷெட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. இதில் யார் தூளும் வந்து விழவில்லை. இன்ஜின் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது.

மருமகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்து அந்தக் கம்பெனிக்காரரிடம், "நாளைக்கு வர முடியாது சார். இன்ஜின் சரியில்லை. வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்றாள். அந்தப் பக்கம் அதிகம் பேசவில்லை. வைத்துவிட்டார். வேலை போயிற்று.

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அத்தை, ஃபில்டர் தொலையாம இருந்திருந்தா நான் இந்தச் சல்லடையைக் கழட்டியிருக்க மாட்டேன். கஷ்டமான இடம், அடுத்த தடவை பாத்துக்கலாம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். ஃபில்டர்ல அந்தச் செதிலைப் பார்த்திருந்தாலும், மொத ஆயில்தானே, இருக்கும்னு எனக்கு நானே சொல்லிட்டுக் கிளம்பியிருப்பேன். அவ்வளவு ஆசையா இருந்துச்சு." முகத்தை ஆயில் கையாலேயே மூடிக்கொண்டாள். "நாளைக்கு உங்க பையனைக் கொன்னிருப்பேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வந்த எந்தக் கோபமும் அதற்கு உறை போடக் காணாது.

"என் பையனை மட்டுமா?" என்று கத்தினேன். "அவன் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டப் போனது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா? ஒரே நாள்ல ரெண்டு பிள்ளையையும் வாரிக் கொடுத்துட்டு நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்குவேன்?"

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து என் பிள்ளை, என் பிள்ளை என்று ஒருவனை மட்டும் நினைத்து ஸ்பானர் பிடித்தவள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருவருமாக அழுது தீர்த்துவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டோம்.