பீலித் தண்ணீரில் விளைந்த பளிங்கு

...இல்லை, கண் ஏமாற்றவில்லை, இரண்டாவது போத்தலில் இருப்பது வெள்ளைதான், ஊசி ஊசியாக ஜிப்சம் பளிங்கு, ஒரு பொட்டுப் பழுப்புகூட இல்லை, முதல் போத்தலில்தான் துருப்பிடித்த ஊசிகள்... இரண்டுக்கும் ஒரே பீலித் தண்ணீர், ஒரே உப்பு, ஒரே ஜன்னல், இப்போது என்ன சொல்லப்போகிறீர்கள் ஜீவராஜ் சார்? காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோய், போன விடுமுறைக்கு வந்த இடத்தில், தேயிலைத் தோட்டத்து லயவீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக் குழாயில் பிடித்து ஊற்றியது என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் விளைந்த பழுப்புப் பளிங்கைக் கம்பஸ் வகுப்பில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "வினோதா, லயத்துத் தண்ணியில வேற என்ன வரும்?" என்று சிரித்தீர்களே... நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன், அதுதான் இன்னும் எரிகிறது. அதனால்தான் இந்த விடுமுறைக்கும் வந்து வேண்டுமென்றே அதே பீலிக்குப் போனேன், குழாய்த் துரு மிதக்க மிதக்கப் பிடித்தேன், ஒரு போத்தலை அப்படியே விட்டேன், மற்றதில் அமிலம், ஐந்தே சொட்டு. புளிப்பு இருந்தால் இரும்பு கரைந்தே கிடக்கும், இல்லாவிட்டால் சேறாகப் பிரிந்து, வளர்கிற பளிங்குக்குள் அகப்பட்டுக்கொள்ளும், அவ்வளவுதான் சங்கதி! அழுக்கு இருந்தால் இருக்கட்டுமே, கரைசல் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் பளிங்குக்கு என்ன வந்தது? ஜெயித்துவிட்டேன், இந்தப் பத்தடிக் காம்பராவில், ஜாம் போத்தலில், தன்னந்தனியாக! குதித்தேன் போலிருக்கிறது, வேலைக்குப் பேர் பதிகிற காலைப் பெரட்டுக்குக் கிளம்பிய அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றியபடியே எட்டிப்பார்த்தாள்.

"என்னா புள்ள, லொத்தர் விழுந்துருச்சா?"

"அதுக்கும் மேலம்மா! பாருங்க, நம்ம பீலித் தண்ணிதான், எவ்வளவு சுத்தமா வந்திருக்கு!"

அம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கொழுந்தில் முற்றல் இலை தேடுகிற அதே பார்வை.

"அழகாத்தான் இருக்கு. அப்ப அந்தத் துரு எங்க போச்சு?"

"தண்ணியிலயே நின்னுருச்சும்மா, கரைஞ்சு."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்... நாளைக்கே நானுஓயாவில் ரயில் ஏறி இரண்டு போத்தலையும் சாரின் மேசையில் வைக்கவேண்டும், பேசவே கூடாது, வைத்துவிட்டு நிற்கவேண்டும், அவராகவே கேட்கட்டும்... அம்மா போத்தலைத் தந்துவிட்டு, அதே பீலியில் பிடித்துவைத்த குடத்தில் ஒரு கோப்பை மொண்டாள், குடிக்காமல் அதையும் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கரைஞ்சு நின்னா கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா," என்றேன். துரு அடியில் தங்கி, மேலே தெளிந்த தண்ணீர். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள், வேறு எதைக் குடிப்பாள்... பளிங்குக்காக இந்தத் தண்ணீரை இருபது நாளாகச் சோதித்திருக்கிறேன், குடத்துக்காக ஒரு தடவைகூட இல்லை.