ஆறாம் நாளே அறுத்த தழை

1

"தழை கட்டியிருக்குதுடா. கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"தெரியுதுக்கா. சர்க்கார் ஆளு மலையேறி வந்து நிக்கறாரு. நான் என்னன்னு சொல்லி அனுப்பறது?"

"வந்த வழியே போகச் சொல்லு. காலு இருக்குதுல்ல."

"நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"உன்ற காட்டுக்குக் குடு. என்ற காட்டுக்கு வாக்குக் குடுக்க நீ யாருடா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு இதைக் கேட்டுக்கிட்டிருந்த சர்க்கார் ஆளு நாந்தானுங்க. பேரு அர்த்தனாரி. ஊரு காரவள்ளி, வயசு நாப்பத்தாறு, விவசாய மேஸ்திரி உத்தியோகம். சண்டை போட்டவங்க அக்காளும் தம்பியும். அக்கா பேரு கண்ணாயி. தம்பி ராசப்பன், மலைமேல திண்ணனூர் நாட்டுல ஒரு சின்ன ஊருக்கு ஊர்க்கவுண்டர். அந்த ஊரு மொச்சைக் காட்டுல எல்லாம் வண்டைப் பொறுக்கி அழிக்கணும்னு நான் போயிருந்தேன். நடந்தது ரெண்டு வருசத்துக்கு முந்தி, நாப்பத்தி நாலு மார்கழியில.

நான் கதை எழுதற ஆளு இல்லீங்க. இந்தப் பத்திரிகை ஆசிரியர், "பயிர்ப் பூச்சிகளை வகை பிரிப்பது எப்படி, எப்போது அழிப்பது" அப்படின்னு ஒரு கட்டுரை கேட்டாரு. உக்காந்தேன். முதல் வரி இப்படி வந்துச்சு:

"பயிரைத் தாக்கும் பூச்சிகள் மூவகைப்படும். அவையாவன"

அவ்வளவுதான். 'அவையாவன'வுக்கு அப்பறம் பேனா நகரல. மேல இருக்கற சண்டைதான் காதுல கேட்டுச்சு. அதனால இது கட்டுரை இல்ல. ஆசிரியர் கதைன்னு போட்டுக்கட்டும். கதைன்னா எனக்கும் கொஞ்சம் மறைஞ்சுக்க எடம் கெடைக்கும்.*

* இந்த வரியை அடிச்சரலாம்னு நெனச்சேன். இருக்கட்டும்.

2

ரிஜிஸ்தரைப் பத்திச் சொல்லணும். இல்லாட்டி நான் பண்ணது உங்களுக்கு வெளங்காது.

மேஸ்திரிமாருக்கு ஒரு பூச்சி ரிஜிஸ்தர் உண்டு. மூணு கட்டம். எப்பவும் வந்து தின்னற பூச்சி. எப்பவாச்சும் வர்ற பூச்சி. வந்தும் ஒண்ணும் பண்ணாத பூச்சி. ஓரத்துல 'எப்போது அழிப்பது'ன்னு ஒரு கட்டம். பதினெட்டு வருசமா அந்தக் கட்டத்துல நான் எழுதுன ஒரே வார்த்தை 'கண்டவுடன்'.

நல்லது பண்ற பூச்சின்னு ஒரு கட்டம் அதுல இல்ல. ரிஜிஸ்தர் போட்டவங்க மேல பழியப் போடறதுக்காக இதைச் சொல்லல. பேனா என்ற கையிலதான இருந்துச்சு. ஓரத்துல ஒரு கோடு போட்டு நானே எழுதியிருக்கலாம்.

அந்த மலையில சாமை அறுத்ததுக்கு அப்பறம் காட்டுல மொச்சை நிக்கும். மார்கழிப் பனியில கொழுந்துல செடிப்பேன் ஏறும். நம்ம பக்கம் அசுவினிங்கறோம். அது சாறை உறிஞ்சுனா தண்டு பிசுபிசுன்னு ஒட்டும், எறும்பு ஏறும். அதுக்குப் பின்னால ஒரு செவப்பு வண்டு வரும், முதுகுல கறுப்புப் புள்ளி வெச்சது. அந்த வண்டு மொத மொதல்ல கண்ணுல பட்ட அன்னிக்கு, காட்டுக்குப் போற வழியில ரெண்டு கொம்பை நட்டு, குறுக்க தழையக் கட்டிருவாங்க. ஒம்பது நாளு யாரும் உள்ள போகக்கூடாது. களை எடுக்கக்கூடாது, மாடு போகக்கூடாது. பத்தாம் நாளு வீட்டுப் பொம்பளை போயி தழையை அவுத்துட்டு, தண்டைக் கையால உருவிப் பாக்கணும். ஒட்டுனா சாம்பல் தூவறது. ஒட்டாட்டி திரும்பி வந்தர்றது.

இதை நான் அப்பவே கேட்டுக்கிட்டேன். நோட்டுலகூட எழுதுனேன். 'மூடப் பழக்கம், ஒன்பது நாள் வீண்' அப்படின்னு.

3

கண்ணாயியைப் பத்தி எழுதறதுலதான் கஷ்டம். மூணு தடவை எழுதிட்டேன்.

மொதல் தடவை, "பெரிய கண்களும் கம்பீரமான தோற்றமும் கொண்ட அந்த மலைமகள்"

சே. மலைமகளாம். அவங்க குட்டையா இருப்பாங்க. முன்பல்லு ஒண்ணு இருக்காது. பேசறப்ப அந்தச் சந்துல நாக்கை வெச்சுப் பேசுவாங்க.

ரெண்டாவது தடவை அவங்க என்னைச் சாபம் விடற மாதிரி எழுதுனேன். மண்ணை வாரித் தூத்தறாங்க, கூந்தலை அவுத்துப் போட்டு நிக்கறாங்க. என்ற சம்சாரம் மாராயிக்கு அதைப் படிச்சுக் காட்டுனேன். அவ புளி கோதிக்கிட்டே கேட்டுட்டு, அந்தம்மா நெசமாவே அப்படியா நின்னாங்கன்னு கேட்டா. இல்லைன்னேன்.

"ஏனுங்க, அப்ப எதுக்கு அவங்க கூந்தலை அவுக்கறீங்க?"

சாபம் விட்டிருந்தா நான் தண்டனை வாங்கிட்ட மாதிரி ஆயிரும்ல. அதுக்குத்தான் அவுத்துருக்கேன்.

நெசமா நடந்தது இதுதான். தம்பிகூட சண்டை போட்டுட்டு அவங்க வெளிய வந்தாங்க. நான் வேலி ஓரம் நின்னு ஒட்டுக் கேட்டது தெரிஞ்சும் கண்டுக்கல. சாவகாசமாத்தான் பேசுனாங்க.

"இன்னிக்கு ஆறாம் நாளுங்க சாமி. நாலு நாளு பொறுங்க. பத்தாம் நாளு நீங்களே வந்து கையை வெச்சுப் பாருங்க. ஒட்டுச்சுன்னா உங்ககூட நானும் நின்னு வண்டைப் பொறுக்கறேன்."

நான் சொன்னேன், "நாலு நாள்ல அது காட்டையே தின்னுரும்மா."

"எதை வெச்சுங்க சொல்றீங்க?"

"பதினெட்டு வருசமா பாக்கறேன்."

"நம்ம வண்டையா பாத்தீங்க?"

இந்த எடத்துல நான் நின்னுருக்கணும். நிக்கல. எங்க குடும்பம் காரவள்ளிப் பக்கம் கத்திரி போடற குடும்பம். கத்திரியில ஆமை வண்டுன்னு ஒண்ணு வரும். அதே அளவு, அதே உருண்டை, அதே புள்ளி. இலையைச் சல்லடையாக்கிரும். பொறந்ததுல இருந்து அதைப் பாத்துப் பாத்து, புள்ளி வெச்ச வண்டுன்னாலே எனக்குக் கை பரபரங்கும். மலைக்காரன் எவனும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான். ஒரு கத்திரிக்காரனாலதான் பண்ண முடியும்.

மொச்சை இலையில ஓட்டை இருக்குதான்னு நான் பாக்கவே இல்லீங்க. ஒரே ஒரு இலையைத் திருப்பிப் பாத்திருந்தாப் போதும்.

நாலு நாளு ஏன் பொறுக்கலைன்னா, மாசக் கடைசியில ரிப்போர்ட்டு போகணும். அவ்வளவுதான். வேற பெரிய காரணம் எதாச்சும் வெக்கலாமான்னு யோசிச்சேன். காய்ச்சல்னு வெக்கலாம், மேலதிகாரி கெடுபிடின்னு வெக்கலாம். கதைக்கு நல்லாத்தான் இருக்கும்.

கொம்புல கட்டியிருந்த தழையைப் பேனாக்கத்தி எடுத்து நாந்தான் அறுத்தேன்.

4

[இந்தப் பகுதியில யுத்தத்தைப் பத்தியும், அதிக உணவு விளைவிக்கணும்கறதைப் பத்தியும், நாங்க மேஸ்திரிமாரு படற பாட்டைப் பத்தியும் ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழிச்சுட்டேன். எல்லாம் நெசந்தான். ஆனா என்னைக் காப்பாத்தறதுக்காக எழுதுன நெசம்.]

5

அந்த ஊருல இருந்த பதினோரு காட்டுலயும் பொறுக்குனோம். மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில போட்டாத்தான் வண்டு சாகும். யுத்த காலம், ரேசன் எண்ணெய். வெளக்குக்கு வெச்சிருந்ததை வீடு வீடாப் போயிக் கேட்டு வாங்குனேன். மறுக்காமக் குடுத்தாங்க. மூணு பானை வண்டு சேந்துச்சு.

கண்ணாயி காடு கடைசி. அவங்க ஒரு பாறை மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. முடிச்சுட்டு வர்றப்ப கேட்டாங்க, "வண்டைப் புடிச்சாச்சு. அடுத்து எறும்பைப் புடிப்பீங்களா, என்னைப் புடிப்பீங்களா?" கூட வந்த ஆளுக எல்லாம் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். பத்து வண்டை ஒரு சீசாவுல போட்டு எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன்.

தை பாதியில திரும்பப் போனேன். கொழுந்தெல்லாம் சுருண்டு, காய் மேல கரி பூசுன மாதிரி. தண்டுல கையை வெச்சா கை திரும்ப வரல, அப்படி ஒட்டுச்சு. கோடை மழை வரைக்கும் அவங்களுக்கு அந்த மொச்சைதான் சோத்துக்கு. காட்டுல வள்ளிக்கிழங்கு தோண்ட ஆரம்பிச்சிருந்தாங்க.

ராசப்பன் என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டாரு. எனக்கு அப்ப நெசமாவே தெரியாதுங்க. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "தழை கட்டி ஆறு நாள் வீணாக்கிட்டீங்க. மொத நாளே பொறுக்கியிருந்தா தப்பிச்சிருக்கும்."

அவரு மூஞ்சி தெளிஞ்சுருச்சு. அக்கா பேச்சை மீறி வாக்குக் குடுத்துட்டுத் தோத்து நின்ன மனுசன் அவரு. நான் சொன்னதைப் புடிச்சுக்கிட்டு ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுனாரு. இனிமே யாரும் தழை கட்டக்கூடாது, வண்டு தெரிஞ்ச அன்னிக்கே பொறுக்கணும்னு கட்டுப்பாடு போட்டுட்டாரு. கண்ணாயி கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்ன சொன்னாங்கன்னு

அவங்க என்னைப் பாத்தாங்க. இதுக்கு மேல இந்த வாக்கியத்தை எழுத வரலீங்க.

6

எப்பத் தெரிஞ்சுதுன்னு கேப்பீங்க. மாசி மாசம். எங்க கத்திரிக் காட்டுல ஆமை வண்டு விழுந்துச்சு. ஒண்ணைப் புடிச்சு உள்ளங்கையில வெச்சேன். என்னமோ தோணி, மலையில இருந்து கொண்டு வந்த சீசாவை எடுத்துப் பக்கத்துல கொட்டுனேன்.

கத்திரி வண்டு தூசி படிஞ்ச மாதிரி மங்கல், முதுகுல பொடிப் பொடி முடி. மலை வண்டு செத்து ரெண்டு மாசம் ஆகியும் எண்ணெய் தடவுன மாதிரி பளபளப்பு. வேற வேற வண்டு. மறுநாளு பக்கத்து அவரைக் கொடியில அதே பளபள வண்டு ஒண்ணு உயிரோட இருந்துச்சு. குத்த வெச்சு உக்காந்து பாத்தேன். அது இலையைத் தொடவே இல்ல. அசுவினியை ஒவ்வொண்ணாப் புடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

ஆக, அந்த ஒம்பது நாளு வண்டுக்கு விட்ட நாளு. பத்தாம் நாளு கணக்குப் பாக்கற நாளு. எங்க ரிஜிஸ்தர்ல இல்லாத நல்ல பூச்சிக் கட்டம் அவங்க கொம்புல தொங்கிக்கிட்டு இருந்திருக்குது.

இதோட நான் யோக்கியனா இருந்திருந்தா கதை இங்கயே முடிஞ்சிருக்கும். அதுக்குள்ள என்ற ரிப்போர்ட்டை வெச்சு நோட்டீசு அச்சடிச்சுட்டாங்க. 'புள்ளி வண்டு: கண்டவுடன் பொறுக்கி அழிக்கவும்.' ரெண்டு கட்டு என்ற கைக்கு வந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம், நானே சைக்கிள்ல போயி, புளியஞ்சோலைப் பக்கம் வரைக்கும் ஊரு ஊரா குடுத்துட்டு வந்தேன். எப்படிக் குடுத்தீங்கன்னு கேட்டா, இன்னிக்கு வேண்டாம், அடுத்த வாரம் ஆபீசுல சொல்லிக்கலாம்னு நெனச்சுக்கிட்டே குடுத்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

போன வாரம் ராசப்பன் காரவள்ளிக்கு எறங்கி வந்தாரு. போன வருசமும் பொறுக்குனாங்களாம், போன வருசமும் போச்சாம். இன்னும் வெரசாப் பொறுக்காததுதான் தப்புன்னு ஊருல பேச்சாம். கண்ணாயி போன வருசமும் தழை கட்டியிருக்காங்க. தம்பியே அறுத்திருக்காரு.

"இந்தத் தடவை வண்டு நல்லாப் பெருகறதுக்கு முன்னயே முடிச்சர்றோமுங்க. சீமெண்ணெய்க்கு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க" அப்படின்னாரு. கெளம்பறப்ப இதையும் சொன்னாரு: "எங்கக்கா பானையில கடைசியா கெடந்த விதையப் போட்டிருக்கறா. இதுவும் போச்சுன்னா எங்க குடும்பத்து மொச்சை இல்லீங்க. நீங்கதான் பாத்துக்கோணும்."

நான் சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

7

முடிவுக்கு மூணு எழுதி வெச்சேன்.

ஒண்ணு. மேஸ்திரி மலையேறிப் போயி கண்ணாயி காலுல விழறான். மாராயி கேட்டுட்டு, "நீங்க விழுந்தா அந்த மொச்சை எந்திரிச்சுக்குமாங்க?" அப்படின்னா. அடிச்சுட்டேன்.

ரெண்டு. இந்த வருசம் செடிப்பேனே வரல, விதை தப்பிச்சுருது. என்னால நடந்ததுக்குச் சாமிய வேலை வாங்கற முடிவு. அடிச்சுட்டேன்.

மூணு. கண்ணாயி மன்னிச்சுடறாங்க. ரொம்ப நல்லா வந்துச்சு, எழுதறப்ப எனக்கே அழுகை. அழுகை வந்ததுனாலயே அதையும் அடிச்சுட்டேன்.

மாராயி இன்னொண்ணும் சொன்னா. "இத்தனை பேருக்கு எழுதறீங்களே, அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?" தெரியாது. இதை நீங்க எல்லாரும் படிப்பீங்க, அவங்க ஒருத்தரைத் தவிர. இதை ஆசிரியருக்கு அனுப்பிட்டா மலைக்குப் போக வேண்டியதில்லைன்னு மனசு இப்பவே சொல்லுது. அந்த மனசுதான் நோட்டீசையும் குடுத்துச்சு.

இப்ப கார்த்திகை. இது அச்சாகி உங்க கைக்கு வர்றப்ப தை பொறந்திருக்கும். மார்கழியில அந்தக் காட்டுல தழை தொங்குச்சா, அறுத்தாங்களா, நான் போயி ஊர்க் கூட்டத்துல வாயத் தொறந்தேனா, இதெல்லாம் அதுக்குள்ள நடந்து முடிஞ்சிருக்கும். போவேன்னு இங்க எழுத மாட்டேன். எழுதுனா நீங்க நம்பிருவீங்க, நானும் நம்பிருவேன்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. அந்த நோட்டீசு உங்க ஊருக்கு வந்துச்சா? அதைப் பாத்து மொச்சையிலயோ அவரையிலயோ பளபளன்னு இருக்கற செவப்பு வண்டைப் பொறுக்குனீங்களா? இனிமே பொறுக்காதீங்க. இலையில ஓட்டை இருந்தா மட்டும் கையை நீட்டுங்க. எனக்கு ஒரு கார்டு போடுங்க. ஊரு பேரு, எத்தனை வருசம் பொறுக்குனீங்க, விதை மிஞ்சுச்சா. இது போதும். திட்டி எழுதுனாலும் சரி, எழுதாம மட்டும் விட்றாதீங்க. அர்த்தனாரி, விவசாய மேஸ்திரி, காரவள்ளின்னு போட்டா வந்து சேரும்.