மூன்றாவது மயில்கொன்றை விதை

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளரை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் 'செடி சார்' என்பார்கள். கிண்டல்தான், அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். நாற்காலி போன மனிதருக்குப் பூந்தொட்டியாவது வேண்டாமா?

அன்று காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு பால்கனியில் நின்று, மயில்கொன்றை வளர்ப்பதைப் பற்றி ஒரு வீடியோ பிரசங்கம் செய்து குடியிருப்புக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

"விதையோட ஓடு கல்லு மாதிரி. அப்படியே ஊன்றினா அடுத்த பிறவியிலதான் முளைக்கும். உப்புத்தாள்ல ஒரு ஓரத்தைத் தேய்க்கணும், உள்ளே வெளுப்புத் தெரியுற வரைக்கும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில ஊறவைங்க. செடி வந்ததும் நாள் முழுக்க வெயில் வேணும், வேர்ல தண்ணி தேங்கக் கூடாது. புதுக் கிளையிலதான் பூக்கும். அதனால வெட்டப் பயப்படாதீங்க. இந்தக் கிண்ணம் நிறைய இருக்கிறதை ஒவ்வொண்ணா என் கையாலயே தேய்ச்சேன்!"

படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று குட்டி முக்காலியில் வைத்த கிண்ணம் அங்கேயே இருந்தது. மாலையில் மகள் வயிற்றுப் பேத்தி அதில் ஊறிய விதைகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். துப்பியது பாதி, விழுங்கியது பாதி.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "ஓடு முழுசா இருந்த விதையா? அப்படின்னா பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துடும், பக்கத்துல இருந்து கவனிச்சா போதும். ஓடு திறந்திருந்தா உள்ளே இருக்கிறது நஞ்சு. குழாய் விட்டு வயித்தைக் கழுவணும். இந்த வயசுக்கு அது லேசு இல்லை."

"எல்லாத்தையும் தேய்ச்சிருக்காரு டாக்டர்," என்றாள் மகள். "ஊருக்கே வீடியோ போட்டிருக்காரு."

மூன்றாவது விதையிலேயே கட்டைவிரல் எரிந்து, மிச்சத்தை அப்படியே தண்ணீரில் கொட்டியவர் செடி சார். பக்கத்தில் மருமகன் நின்றான். குழந்தை உயிர் ஊசலாடும் இடத்திலும் மானம் முந்திக்கொண்டு வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

"டாக்டர்... மூணுதான் தேய்ச்சேன்."

"கிண்ணம் நிறையன்னு சொன்னீங்களாமே?"

"அது... வீடியோவுக்கு."

"மாமா," என்றான் மருமகன், "காலையில சொன்னது நிஜமா, இப்ப சொல்றது நிஜமா?" குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவன் நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

அவர் வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார். "ஏய், அந்தக் கிண்ணத்தைத் தட்டுல கொட்டு. தேய்ச்ச விதை ஊறிப் பெருத்திருக்கும், ஓரம் வெளுத்திருக்கும். மூணும் இருக்கான்னு பார்த்துச் சொல்லு."

"குழந்தைக்கு என்னங்க ஆச்சு?"

"முதல்ல பாருடி!"

தட்டில் விதைகள் கொட்டும் சத்தம். "ஒண்ணு இருக்கு... இதோ, இன்னொண்ணு."

"மூணாவது?"

"இல்லீங்க."

"கீழே துப்பினதுல?"

"அதையும் பொறுக்கிப் பார்த்துட்டேன். எல்லாம் கல்லாத்தான் இருக்கு."

டாக்டரம்மாவிடம் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன் பேச்சைக் கேட்டபடியே அந்தம்மா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். "யாராவது குழந்தையோட காலைப் பிடிச்சுக்கோங்க."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செடி சார் பிடித்தார். அந்தச் சின்னக் கால்கள் அவர் நெஞ்சில் உதைத்தன. அவர் விடவில்லை.