அம்மா வேஷம்

புடவை என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முகாம் அதிகாரியின் அறையில் தொங்கிய பச்சை ஜன்னல் திரைகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஒத்திகைக்காக அதை முதல்முறை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றபோது, தாடி மழித்த முகத்தில் காற்று பட்டுக் கண்டக்டருக்குக் கூசியது. சிறைப்பட்டு வந்த பதினொரு மாதத்தில் அவன் முகம் மழித்தது அன்றுதான்.

போருக்கு முன்னால் அவன் டவுன் பஸ் கண்டக்டர். கைதிகள் இருநூறு பேரும் காவல் சிப்பாய்களும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைசி சீட்டு வரை எட்டுகிற குரல். அதனாலேயே அம்மா வேஷம் அவன் தலையில் விழுந்தது. மூன்று வாரமாக விடாத மழை. காவல்காரர்களும் கைதிகளும் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். நாடகமோ கீடகமோ, எதையாவது போட்டுத் தொலையுங்கள் என்று அதிகாரியே சொல்லிவிட்டார். கைதிகளில் ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவரைப் ‘பிழை’ என்றே அழைத்தார்கள். அவர் நான்கு நாளில் எழுதி முடித்தார். போருக்குப் போன இரண்டு மகன்களில் மூத்தவன் வீடு திரும்புகிறான். அம்மா சோறு போடுகிறாள். அவ்வளவுதான் கதை.

கைதிகள் ராணுவ உடுப்பைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. ஆகவே மகனாக நடிக்கக் காவல்காரர்களில் ஒருவர் வேண்டியிருந்தது. ஆளாளுக்கு நழுவினார்கள். சமையலறைப் பக்கம் காவல் நிற்கும் சார்ஜண்ட், யாரிடமும் அதிகம் பேசாதவர், “எத்தனை வசனம்?” என்று கேட்டார்.

“ஆறு, சார்.”

“சரி, நான் வர்றேன்.”

முதல் ஒத்திகையில் கண்டக்டர் இரண்டு கையையும் நீட்டி, “வாங்க சார்,” என்றான். வேடிக்கை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“யோவ், பெத்தவ மகனை சார்னா கூப்பிடுவா? டா போட்டுப் பேசு. சுட்டுட மாட்டேன்,” என்றார் சார்ஜண்ட்.

இரண்டு நாளில் ‘டா’ வந்துவிட்டது. ஆனால் சார்ஜண்ட் ஓரிடத்தில் மட்டும் தடுக்கிக்கொண்டே இருந்தார். “தம்பி எங்கடா?” என்று அம்மா கேட்க வேண்டும். “பின்னால வர்றான்மா,” என்று அவர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார்.

ஒருநாள் கண்டக்டர் சமையலறைச் சுவரோரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சார்ஜண்ட் பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்க பக்கம் பிடிபட்ட எங்க ஆளுங்களை எப்படி வச்சிருக்காங்க? ஏதாவது தெரியுமா?”

“ஏன் சார்?”

“என் தம்பி அங்கதான் இருக்கான். ஒரு வருஷமா லெட்டர் இல்ல. தம்பின்னு பேருதான். நான் தூக்கி வளர்த்த புள்ள.”

கண்டக்டருக்குத் தெரியும். பிடிபடுவதற்கு முன்னால் ஆறு மாதம் அவன் வேலை பார்த்ததே அப்படியொரு முகாமில்தான். இங்கே யாரிடமும் அதை அவன் மூச்சு விட்டதில்லை.

“நல்லாத்தான் வச்சிருக்காங்க சார். பாய், கம்பளி எல்லாம் உண்டு. டாக்டர்கூட வருவாரு.”

டாக்டர் வந்ததென்னவோ உண்மைதான். ஒரே ஒரு தடவை, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாசலோடு.

மறுநாள் சார்ஜண்ட் ஒரு சோப்பு கொண்டுவந்தார். அதற்கு மறுநாள் இன்னொரு கம்பளி. நன்றி சொல்லவும் முடியாமல், வேண்டாமென்று மறுக்கவும் முடியாமல் கண்டக்டர் வாங்கி வைத்துக்கொண்டான். பிழையிடம் போய், அந்தத் தம்பி வசனத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான்.

“அதை எடுத்துட்டா நாடகத்துல மிச்சம் என்னய்யா இருக்கு? வெறும் சோறுதான்,” என்றார் பிழை.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சாப்பாட்டுக் கூடத்தில். திரையாகக் கட்டிய தார்ப்பாய்க்குப் பின்னால் புடவைக் கொசுவம் சரிந்து சரிந்து விழுந்தது. “நில்லு, அசையாதே,” என்று சார்ஜண்ட் மண்டியிட்டு மடிப்புகளை நீவிவிட்டார். பழக்கப்பட்ட கை. குனிந்திருந்த அந்தத் தலையில் இத்தனை நரை இருப்பதைக் கண்டக்டர் அப்போதுதான் கவனித்தான்.

“சார், நான் சொன்னது பொய்.”

“எது?”

“நான் அங்க காவல்ல இருந்தேன். மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. மருந்து கிடையாது. தினமும் பத்து, பதினஞ்சு பேரைத் தூக்கினோம்.”

மடிப்பைப் பிடித்திருந்த விரல்கள் நின்றன.

“அவனுக்கு இடது கைப் பழக்கம்,” என்றார். “உசரமா இருப்பான்.”

“தெரியல சார். எந்த முகாம்ல இருந்தானோ. நான் கால் பக்கம்தான் பிடிப்பேன். முகத்தைப் பாக்க மாட்டேன்.”

“ஒருத்தன் முகத்தைக்கூடவா பாக்கல?”

அடி விழும் என்று கண்டக்டர் கண்களை மூடிக்கொண்டான். எதுவும் விழவில்லை. திறந்தபோது சார்ஜண்ட் தொப்பியிலிருந்த காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே பொறுமையிழந்து கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு மேடையின் மறுபக்கத்துக்குப் போனார்.

முன்னால் பெஞ்சுகளில் சிப்பாய்கள், பின்னால் தரையில் கைதிகள். “வந்துட்டியாடா!” என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் கூடமே சிரித்தது. மகன் மூட்டையை இறக்கினான். தண்ணீர் குடித்தான். அடுத்து அந்த இடம்.

கண்டக்டர் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு பானையை முன்னால் இழுத்தான். தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து பிழை, “தம்பி எங்கடா, தம்பி எங்கடா,” என்று கிசுகிசுத்தார்.

“உக்காருடா, சாப்பிடு,” என்று சொல்லி அவன் அந்த வசனத்தைத் தாண்டினான்.

சார்ஜண்ட் உட்காரவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். யாரும் கேட்காமலே, கனைக்காமல், மெதுவாகச் சொன்னார்.

“தம்பி பின்னால வர்றான்மா.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. சார்ஜண்ட் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்னால் வெறும் தகரத் தட்டு. கண்டக்டர் காலிப் பானையிலிருந்து கரண்டியால் அள்ளி அள்ளி வைத்தான். ஒத்திகைகளில் இதைச் சட்டென்று முடித்துவிடுவார்கள். இன்று சார்ஜண்ட் ஒன்றுமில்லாத தட்டில் விரலால் பிசைந்தார், உருட்டினார், வாயில் வைத்து மென்று விழுங்கினார். அடுத்த கவளம். அதற்கடுத்தது. தார்ப்பாயை இறக்க வேண்டியவன் பிழையின் முகத்தைப் பார்த்தான். பிழை ஒரு ஜாடையும் காட்டவில்லை.

சார்ஜண்ட் தட்டை ஒரு விரலால் சுற்றி வழித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் போடும்மா.”

கண்டக்டர் குனிந்து, கரண்டி பானையின் அடியில் உரச, சுரண்டி எடுத்து வைத்தான்.