அம்மா திருப்பித் தராத பெட்டி

எங்கள் அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் பெருங்களத்தூரில் யாரும் கிடையாது. காய்கறிக்காரர், கேபிள்காரர், என் அப்பா எல்லோரும் தோற்றவர்கள்தான். அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் ஹேமநாத் சார். காற்று மாசு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் வீட்டில் வைத்திருந்த பெட்டியை எடுத்துப்போக வந்தவரிடம், "குடுக்க முடியாது தம்பி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு மூச்சிரைப்பு. பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. பகலெல்லாம் கத்திக் கத்திப் பாடம் நடத்துவேன், ஒன்றும் ஆகாது. படுக்கையில் சாய்ந்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்துவிடும். இன்ஹேலர் இல்லாமல் தூங்கிய நாள் எனக்கு நினைவில் இல்லை. டாக்டர் ஒருவர் பேச்சுவாக்கில், "இடம் மாத்திப் பாருங்களேன்" என்று சொல்லிவைத்தார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு உலகத்தில் ஒரே விரோதிதான், எங்கள் வீட்டை ஒட்டிச் சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜிஎஸ்டி ரோடு. "தீபாவளின்னா இன்னா, பொங்கல்னா இன்னா, ஊரே இந்த ரோட்லதான் போவுது. அத்தினி புகையும் நம்ம வூட்லதான் வந்து எறங்குது" என்பார். தாத்தா காலத்து நெல் வயலில் மிஞ்சியது இந்த வீடும் பின்பக்கத்து மாமரங்களும்தான். அதை அடுக்குமாடி கட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டு செய்யூர்ப் பக்கம் ஏதாவது கிராமத்துக்குப் போய்விடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். ஆவணியில் நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு. வேண்டாம்ப்பா என்று நான் அழுதேன்.

"வூடு போனா போவுது. நீ மூச்சு வுடணும், அவ்ளோதான்" என்றார் அப்பா.

என் நெஞ்சு விசிலடிக்கிறது என்பதற்காக ஒரு வீடே போகப்போகிறது. அதை நினைத்தால் விசில் இன்னும் ஏறும்.

அந்தச் சமயத்தில்தான் ஹேமநாத் சார் வந்தார். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய வீடுகளில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். மாடியில் ஒரு பெட்டி, படுக்கையறையில் ஒரு பெட்டி, இரண்டு வாரம் இருக்கட்டும் என்றார். அப்பாவுக்கு ஒரே குஷி. ரோட்டின் மேல் குற்றப்பத்திரிகை எழுத ஆள் கிடைத்துவிட்டதே! என் அறையிலேயே ஒன்றை வைக்கச் சொன்னார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, முன்னால் பச்சை விளக்கு.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆன்ட்டி. பெட்டி இருக்குன்னு எதையும் மாத்தாதீங்க. எப்பவும் போல இருங்க" என்றார் சார்.

"இது இன்னா பண்ணும் தம்பி?"

"உள்ள குட்டி ஃபேன் இருக்கு. ரூம் காத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். அப்புறம்..."

அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. அம்மா ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு சார் சொன்னதையெல்லாம் கேட்டது நானும் அப்பாவும்தான்.

எப்பவும் போல இருப்பதாவது! வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கள் அம்மா எப்பவும் போல இருந்ததே இல்லை. முதல் வேலையாக, சாயங்காலம் மாமரச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நின்றது. கடைசியாக, என் கட்டிலுக்கடியில் இருந்த கொசுவத்திச் சுருளையும் எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் பல்லாவரம் சந்தையிலிருந்து ஒரு நீலக் கொசுவலை வந்து சேர்ந்தது.

"ஏம்மா, எதையும் மாத்தக் கூடாதுன்னு சொன்னாரே?"

"நீ சும்மா இரு. புகையை இழுத்து ரொப்பிக்கினு மிஷின் நின்னுபோச்சுன்னா யார் பதில் சொல்றது? நம்ம வூட்டு மானம் போயிடும்."

அந்தச் சுருளை எடுத்தது சாதாரண விஷயமில்லை. இரண்டாம் வகுப்பில் எனக்கு டெங்கு வந்தது. பிழைப்பேனா மாட்டேனா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கிடந்திருக்கிறாள். அன்றிலிருந்து, விளக்கு வைத்ததும் ஜன்னலைச் சாத்திக் கட்டிலுக்கடியில் சுருளை ஏற்றிவிடுவாள். நான் வெளியூர் போனால் பையில் துணிக்கு முன்னால் சுருள்தான் ஏறும்.

பெட்டி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, விசில் குறைந்தது. அடுத்த வாரம் சத்தமே இல்லை. காலையில் எழுந்தால் தலையணைக்கடியில் இன்ஹேலர் வைத்தது வைத்தபடி கிடந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பெட்டிதான் புகையை விழுங்குகிறது! தினமும் அதை மெத்தென்ற துணியால் துடைத்தாள். "ஏசி மாதிரிதான், ஆனா சளி புடிக்காது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நான் அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வாதாடி ஜெயித்தவர் கிடையாது என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

சரி, இப்போது ஹேமநாத் சார் வந்து நிற்கிறார். அம்மா அறை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வெல இன்னான்னு சொல்லு தம்பி. என் வளையலை வெச்சாவது குடுத்துடறேன். இது போச்சுன்னா எம்பொண்ணுக்குத் திரும்ப இழுக்கும்."

"ஐயோ ஆன்ட்டி, இது அளக்க மட்டும்தான் செய்யும். காத்தைச் சுத்தம் பண்ணாது. தெர்மாமீட்டர் ஜுரத்தை எறக்குமா?"

"அப்போ எப்பிடித் தூங்குனா இவ?"

சார் செல்போனைப் பார்த்தார். "நானே கேக்கணும்னு இருந்தேன். எல்லார் வீட்லயும் நைட்டானா ரூம்ல புகை நம்பர் ஏறுது. உங்க வீட்ல மட்டும் ஏறவே இல்ல. சென்சார் போயிடுச்சுன்னு நெனைச்சேன். எதையாவது மாத்தினீங்களா ஆன்ட்டி?"

"ஒண்ணுமே மாத்தல" என்று அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். சருகு, சாம்பிராணி, சுருள்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! ரெண்டு வார ரீடிங்கும் வேஸ்ட்." பாவமாக இருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "அந்தச் சுருள் ஒண்ணு இருக்கா?"

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எப்பவும் போல ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கடியில் சுருளை ஏற்றி, கதவையும் சாத்தினார்கள். கூடத்தில் அப்பாவும் சேர நான்கு பேரும் சார் செல்போனைச் சுற்றி நின்றோம். பச்சையில் இருந்த எண் மஞ்சளாகியது, சிவப்பாகியது, அதற்குமேலும் ஏறிக்கொண்டே போனது.

"மூடின ரூம்ல ஒரு சுருள் எரிஞ்சா, பாக்கெட் பாக்கெட்டா சிகரெட் பிடிச்ச மாதிரின்னு ஆராய்ச்சியில சொல்றாங்க" என்றார் சார், மெதுவாக.

அம்மா கதவைத் திறந்து உள்ளே போனாள். சுருளைக் கையாலேயே பிடுங்கி வந்து வாளித் தண்ணீரில் போட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானேவா? இத்தினி வருசமா நானேவா கொளுத்தி வெச்சேன்?"

பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். "அம்மா, டெங்குக்கு அப்புறம் ஒரு கொசு என்னைத் தொட்டிருக்கா? நீ அந்தளவுக்குப் பாத்துக்கிட்ட. இப்போ வலை வாங்கினதும் நீதானே? யாரும் சொல்லலையே." மனதாரச் சொன்னேன். அழுகையோடு தலையாட்டினாள்.

அப்பா வாசலுக்குப் போய் செல்போனை எடுத்தார். "அட்வான்ஸ் வாணாம்பா. வூடு குடுக்கறதா இல்ல" என்று சொல்வது கூடம்வரை கேட்டது. திரும்பி வந்தவர், "அப்போ ரோட்டு மேல தப்பே இல்லையா சார்?" என்று கேட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"யார் சொன்னது? மாடிப் பெட்டியைப் பாருங்க, பஸ் நெரிசல் நேரத்துல எகிறுது. ரோடும் நல்ல ரோடு இல்ல. டாக்டரைக் கேக்காம மருந்தையும் நிறுத்தாதீங்க" என்றார் சார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

அம்மா பெட்டியை ஒரு புதுத் துண்டில் சுற்றி, மாம்பழப் பையோடு அவர் கையில் கொடுத்தாள். கெட்டுப்போன அந்த ரீடிங்குக்காக அவர் எங்களை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவரே பெட்டியோடு திரும்ப வந்தார். எங்கள் வீட்டுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். நான் அதற்குள் டாக்டர் சொல்லி மருந்தைப் பாதியாகக் குறைத்திருந்தேன்.

"எப்பவும் போல இருங்க ஆன்ட்டி" என்றார் சிரித்துக்கொண்டே.

"பழைய எப்பவும் போலயா, இப்போ எப்பவும் போலயா?"

"இப்போ எப்பவும் போல."

அவர் போனதும் அம்மா என் அறைக்குள் போனாள். காற்று போகிற ஓட்டையில் படாமல், பெட்டியின் ஓரமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலன்னு தம்பி சொல்லுது" என்றாள் அதனிடம். "இருக்கட்டும். நீ வந்தப்புறம்தான் எம்பொண்ணு தூங்குனா."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் உள்ளே போய், அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.