கழுவாத தட்டு

எதிர்வீட்டு ஒலிந்தாவின் தட்டில் அன்று வந்ததை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பாதி வெங்காயம், மூன்று முட்டை, காகிதத்தில் சுற்றிய வெண்ணெய், அடி தெரிகிற ஆலிவ் பாட்டில், ஐஸ் படிந்த பட்டாணிப் பொட்டலம். வழக்கமாக நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சூடாக உப்புமீன் வடைதான் வரும். பிரான்சில், லியோன் நகரை ஒட்டிய வெனிஸ்யூவில், எங்கள் எட்டாம் மாடியில், யாரும் அடுத்த வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டோம். நான் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரம் கொடுத்தால் அவள் வடை வைப்பாள். என் பிள்ளைகள் வளர்ந்து லியோனுக்குள் குடிபோகிற வரைக்கும், போன பிறகும், நீல மீன் படம் போட்ட அந்தத் தட்டு இரண்டு வாசலுக்கும் நடுவில் ஓய்ந்ததே இல்லை.

"போர்த்துகல்காரி உனக்கு மளிகைக் கடையே அனுப்பியிருக்கா," என்றார் என் கணவர் அமார். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

"ஃப்ரிட்ஜக் காலி பண்றா. புரியலையா உங்களுக்கு?"

அவர் சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள்; குடியிருப்பவர்களுக்கு வேறிடத்தில் வீடு தருகிறார்கள். பாதி வீடுகளின் வாசலில் தகரம் அடித்தாயிற்று. போனால் இரண்டு பேரும் ஒரே கட்டடத்துக்குத்தான் போவது என்று நானும் ஒலிந்தாவும் பேசி வைத்திருந்தோம். பால்கனியோடு வந்த நல்ல வீட்டை அவளுக்காகவே நான் வேண்டாமென்று சொன்னேன். அமார் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது சத்தமில்லாமல் மூட்டை கட்டுகிறாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். உட்கார்ந்தால் கால் தானாக எழுந்தது. பொறுக்க முடியாமல் எதிர்க்கதவைத் தட்டினேன்.

அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்போடு வந்து கதவைத் திறந்தாள்.

"புது வீட்டுக்கு எப்பக் கையெழுத்துப் போட்ட?"

"போன வாரம்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தரைத்தளம், ஸுலீக்கா. லிஃப்ட் நின்னுபோனா இந்த முட்டிய வெச்சிக்கிட்டு நான் ஜெயில்ல கெடந்த மாதிரி கெடந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்பல்லாம் ரொட்டி வாங்கிட்டு வந்தது யாரு?"

"நீதான். அதனாலதான் சொல்ல வாய் வரல."

"வாய் வரலன்னு முட்டைய அனுப்புனியாக்கும்!"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கோபத்தை இன்னும் கிளறியது. நியாயமானவளிடம் எப்படிச் சண்டை போடுவது? திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த முட்டைகளை அமார் பொரித்துச் சாப்பிட்டார். எனக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும்தான் இறங்கின. தட்டைக் கழுவித் துடைத்து வைத்தேன். மறுநாள் காலை நோன்போடு உட்கார்ந்து ரவை பிசைந்து மக்ரூத் பொரித்தேன். தட்டில் பாதி அடுக்கியவள், என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் டப்பாவில் எடுத்துப் போட்டுவிட்டுத் தட்டை மறுபடி கழுவிக் கவிழ்த்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். அப்புறம் எதைச் சாக்கு வைத்து ஒருத்தி இன்னொருத்தி வீட்டுப் படி ஏறுவாள்?

மணி அடித்தது. வீட்டைக் காலி செய்து கிளம்புவதற்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒலிந்தா நின்றாள்.

"என் தட்டு?"

"இன்னும் கழுவல."

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டு பளபளவென்று கவிழ்ந்திருந்தது. அவளுக்கு மூக்கு சிவந்தது.

"வெண்ணெப் பிசுக்கு. லேசுல போகாது," என்றாள்.

"ஆமா, நாளாகும்."

"கழுவி நீயே கொண்டு வா. வெறுந்தட்டோட வந்தியோ, கதவத் தெறக்க மாட்டேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினாள். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. அவள் கீழே போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. பிறகு சாமான் ஏற்றிய வண்டியின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் சமையலறைக்குள் போய், காய்ந்திருந்த தட்டை எடுத்துத் தொட்டிக்குள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டேன்.