வறுத்தது யார்

கேன்டீன் மாஸ்டருக்கு மூக்கு போய் ஏழு மாதம் ஆகிறது. முகத்தில் மூக்கு இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல எடுப்பான மூக்கு. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, உறைப்பு நாக்குக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அலுவலகக் கட்டடத்தின் அதே சமையலறையில் காய் நறுக்குகிறவள். அவர் அடுப்பில் நிற்பார், இரண்டு எட்டு தள்ளி அவள் பலகையில் நிற்பாள். வெங்காயம் வதங்கி மணம் வந்தால் கத்தியால் பலகையில் ஒரு தட்டு. அடிப்பிடிக்கப் போனால் இரண்டு தட்டு. பால் கெட்டிருந்தால் இருமுவாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர்களுடையது ஏழு மாதம் ஓடிவிட்டது. "மாஸ்டர் கைமணமே தனி" என்று யாராவது போகிற போக்கில் சொன்னால் அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டுவார். அவள் குனிந்து வெங்காயத்தைப் பார்த்துக்கொள்வாள்.

ஐம்பத்தெட்டு வயதில், வாசம் தெரியாத சமையல்காரனை எவன் வேலைக்கு வைப்பான்? அந்தப் பயத்தில்தான் இருவரும் ஒரு நாளைப் போல மறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது புது மேனேஜரம்மா வந்து சேர்ந்தார். எண்ணெயில் பொரித்ததைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மாஸ்டர், இனிமே தானியக் கிண்ணம் போடறோம். வேகவச்ச பார்லி, கொண்டைக்கடலை, பச்சைப் பச்சையா புதினா, கொத்தமல்லி, மேல வறுத்த வால்நட். வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து அஞ்சு பேர் ருசி பார்க்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிக்கலேன்னா சமையலறையில ஆளை மாத்தச் சொல்லுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வெள்ளிக்கிழமை காலை பார்லி நன்றாகவே அமைந்தது. குழையாமல், நடுவில் கொஞ்சம் கடிபடுகிற பதத்தில் வடித்து, ஒட்டாமல் இருக்கத் தட்டில் பரப்பி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் தெளித்தார். அவள் புதினாவைக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளிப் போட்டாள். கத்தி பட்டால் கறுத்துவிடும். கொட்டை வறுப்பது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மேசை துடைக்கிறவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, துணி விரிக்க ஆளில்ல. ஒரு கை குடுங்களேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "போ, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அலமாரியில் இரண்டு வால்நட் பாக்கெட் இருந்தது. ஒன்று முந்தின நாள் வந்தது. இன்னொன்று எப்போதோ கேக்குக்காகப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு, அடுப்புச் சூட்டிலேயே மாதக்கணக்காகக் கிடந்தது. பழசைத் தீர்த்துவிட்டுத்தான் புதுசைப் பிரிக்க வேண்டும் என்பது அந்தச் சமையலறையின் சட்டம். சட்டம் போட்டவரே மாஸ்டர்தான். கை தானாகப் பழசை எடுத்தது.

தீயைக் குறைத்து, கண்ணை எடுக்காமல் வறுத்தார். நிறம் கச்சிதமாக வந்தது. ஒன்றைக் கடித்தார், மொறுமொறுவென்று இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக யார் துணையும் இல்லாமல் ஒரு பதத்தைப் பிடித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. பாவம், அந்தச் சந்தோஷத்தின் ஆயுசு கால் மணி நேரம்.

கூடத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்ட மனிதர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மென்றார். அப்புறம் காகிதத் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

"சிக்கு வாடை. என்னங்க இது, பழைய எண்ணெய் மாதிரி இருக்கு!"

மேனேஜரம்மா ஒரு வால்நட்டை எடுத்துக் கடித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற மாஸ்டரையும், தண்ணீர் ஜாடியோடு நின்ற அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் வறுத்தது இதை?"

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் மேடம்" என்றாள் அவள். "அவசரத்துல பழைய பாக்கெட்டை எடுத்துட்டேன்."

"மாஸ்டர், நீங்க பார்க்க மாட்டீங்களா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"கவனிக்கல மேடம்" என்றார் மாஸ்டர். "இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்."

நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அவள் ஜாடியை மேசையில் வைத்தாள், ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள், பையை எடுத்துக்கொண்டு பின் வாசல் வழியாகப் போனாள். மாஸ்டர் புது பாக்கெட்டைப் பிரித்து மறுபடி வறுத்தார். கொட்டை நல்ல கொட்டை, நிறத்தை வைத்தே தப்பித்துவிட்டார். ஐந்து பேரும் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். கண்ணாடிக்காரர் கைகூடக் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சுதா அவங்களுக்கு?"

"பிடிச்சுது. திங்கட்கிழமையில இருந்து தினம் அறுபது கிண்ணம் போடணுமாம்."

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். அறுபது கிண்ணத்தை யாரை நம்பிப் போடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர், கேட்டது என்னவோ வேறு.

"நீ எதுக்குப் பழியைத் தலையில போட்டுக்கிட்ட?"

"உங்களைன்னா ஒரேயடியா அனுப்பிடுவாங்கன்னு பயம். வாயில வந்துடுச்சு." கையிலிருந்த சட்டையை மடித்து, தட்டி, அடுக்கின் மேல் வைத்தாள். "சொல்லிட்டு உங்க மூஞ்சியைத்தாங்க பாத்துக்கிட்டு நின்னேன். 'இல்ல மேடம், நான்தான் வறுத்தேன்'னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.